மூன்று அட்சரப் பள்ளம்

அந்த மெட்டில் ஒரு பள்ளம் இருந்தது. இரண்டாவது வரி ஐந்தாம் அட்சரத்தோடு, ஐந்தாவது எண்ணிக்கையோடு, நின்றுவிடும். எட்டு அட்சரத் தாளத்தில் மீதி மூன்றும் வெறுமனே கிடக்கும். அதைத் தாண்டித்தான் மூன்றாவது வரியை எடுக்க வேண்டும். கோரஸ் பிள்ளைகள் அதுவரை ஒரே குரலாக வருவார்கள். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் கரையேறும்போது ஒருத்தி முந்திவிடுவாள், நான்கு பேர் பிந்திவிடுவார்கள், மற்றவர்கள் யார் முதலில் வாயைத் திறக்கிறார்கள் என்று பக்கத்தில் பார்ப்பார்கள்.

இன்பராஜ் சாருக்கு இது புரியாத விஷயமில்லை. அருப்புக்கோட்டையில் அந்த உதவிபெறும் பள்ளிக்கு அவர் பாட்டு வாத்தியாராக வந்து பல வருடம் ஆகிறது. பாடுவதைவிடச் சும்மா இருப்பதை எண்ணுவதுதான் கடினம் என்று ஒவ்வொரு வகுப்புக்கும் அவரே சொல்லிக் கொடுப்பார். சுரம் என்பது ஓடுகிற பஸ்ஸில் கம்பி மாதிரி, பிடித்துக்கொண்டு நிற்கலாம். கம்பி இல்லாத இடத்தில் ஒவ்வொருவரும் தன் காலை நம்பித்தான் நிற்க வேண்டும். ஒவ்வொருவர் காலும் ஒவ்வொரு மாதிரி.

பள்ளத்தை ஆர்மோனியத்தால் நிரப்பிப் பார்த்தார். பிள்ளைகள் ஒழுங்காகக் கரையேறினார்கள், ஆனால் பாட்டு செத்துவிட்டது. மூன்றை ஒன்றாகக் குறைத்துப் பார்த்தார், நொண்டியது. மனதுக்குள் எண்ணச் சொன்னார்; உதடுகள் எண்ணின, ஆளுக்கொரு வேகத்தில். அந்த வெறுமை அங்கே இருந்தே ஆக வேண்டும். ஏன் இருக்க வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. மெட்டுப் போட்டவருக்கே தெரியவில்லை என்றால் யாரைப் போய்க் கேட்பது?

மெட்டுப் போட்டவர் அவர்தான். திருச்சுழியிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கிய ஒரு நாள், அது முழுதாக அவர் வாயில் இருந்தது. பஸ் ஸ்டாண்டிலேயே ஓரமாக நின்று போனில் பாடிப் பதிந்துகொண்டார். இத்தனை வருடத்தில் அவர் போட்ட மெட்டுகளை அவரே இரண்டாம் முறை பாடியதில்லை. இதை நாள் முழுக்கப் பாடினார். தமிழய்யா மழையைப் பற்றி வரிகள் எழுதிக் கொடுத்தார். தலைமையாசிரியை ரூத் கேட்டுவிட்டு, "சார், இது நம்மள மாதிரி ஆளு போட்ட மெட்டு மாதிரியே இல்ல" என்றார். இன்பராஜ் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். ஆண்டுவிழாவின் முதல் பாட்டு அதுதான் என்று முடிவாகி, கேட்டில் பிளக்ஸும் கட்டியாகிவிட்டது. 'பாடல் இசை: திரு. இன்பராஜ்' என்று அதில் ஒரு வரி இருந்தது. உள்ளே வரும்போதெல்லாம் அவர் கண் தானாக அங்கே போகும்.

ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்திருந்தார். ஆளுக்கு நாலு வரி மெட்டு. சொல் வேண்டாம், வெறும் 'லா' போதும். அதற்கு முந்தைய வாரமெல்லாம் கேட்கும் பயிற்சி: கண்ணை மூடிக்கொண்டு, காதில் விழுவதைச் சொல்ல வேண்டும். தறிச் சத்தம், காக்கா, எட்டாம் வகுப்பு வாய்ப்பாடு என்று மற்றவர்கள் சொல்லும்போது மாரீஸ்வரி, "நீங்க காத்தடிக்கும்போது ஒங்க மோதிரம் ஆர்மோனியத்துல படுது சார், ஒண்ணு விட்டு ஒண்ணு" என்றாள். உண்மைதான். அவருக்கே அதுவரை தெரியாது. அவள் கிராமத்துப் பாதை பிரிகிற ஒரு விலக்கில் பஸ் ஏறி வருகிற மானாவாரி விவசாய வீட்டுப் பிள்ளை. குரல் கொஞ்சம் கட்டை. அதனால் அவளைக் கோரஸில் சேர்க்கவில்லை.

வீட்டுப்பாடம் பாடும் நாளில் அவள் எழுந்து பாடியது அவருடைய மெட்டு. ஒரு சுரம் மாறவில்லை. பள்ளம் வந்ததும் வாயை மூடிக்கொண்டு பெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டினாள். பிறகு மூன்றாவது வரியை எடுத்தாள்.

"நிறுத்து" என்றார் இன்பராஜ். "இது யாரு மெட்டு?"

"என் மெட்டு சார்."

"பக்கத்து ரூம்ல கோரஸ் பாடுறது?"

"அதுவும் அதுதான் சார்."

வகுப்பு சிரித்தது. அவருக்குக் காது சூடானது.

"எப்பம்மா போட்ட?"

"வரும்போது போகும்போது சார்."

"வரும்போது போகும்போது மெட்டு வருதாம்ல. நமக்கெல்லாம் வேர்வைதான் வருது." மறுபடியும் சிரிப்பு. அங்கேயே விட்டிருக்கலாம். விடவில்லை. "அடுத்தவன் மெட்ட எடுத்து நடுவுல ரெண்டு தட்டு தட்டுனா ஒன் மெட்டாயிருமா? வண்டியக் களவாண்டு நம்பர் பிளேட்ட மாத்துற வேலை இது. உக்காரு. மார்க் கெடையாது."

அவள் உட்காரவில்லை. "சார், நீங்க வேணா கேட்டுப் பாருங்க..." என்றாள்.

"யார்கிட்டக் கேக்க? உக்காருன்னேன்ல."

உட்கார்ந்தாள். பின் பெஞ்சிலிருந்து ஒருத்தன் மெதுவாக, "ஏலே, நம்பர் பிளேட்டு" என்றான். அன்று சாயங்காலத்துக்குள் பள்ளி முழுக்க அவளுக்கு அது பெயராகிவிட்டது. இன்பராஜ் காதிலும் விழுந்தது. அதட்டியிருக்க வேண்டும். விழாதது மாதிரி நடந்துபோனார்.

மறுநாள் காலை பஸ்ஸில் அவர் முன்வாசல் வழியாக ஏறினார். வழக்கமாகப் பின்வாசலில் ஏறி, பின்சக்கரத்துக்கு மேலிருக்கும் சீட்டில் சாய்ந்துவிடுவார். ஊர் தாண்டுவதற்குள் தூக்கம் வந்துவிடும். மாரீஸ்வரியும் அதே பஸ்தான், இறங்க விழிக்கும்போது அந்தச் சீட்டுக்குப் பின்னால்தான் நிற்பாள். அவள் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பயமில்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். கண்டிப்பு என்றால் கொஞ்சம் தள்ளித்தான் நிற்க வேண்டும்.

"என்ன சார், முன்னாடி ஏறிட்டீக?" கண்டக்டர் சங்கையா டிக்கெட்டைக் கிழித்தார். "ஒங்க பெட்ரூமு பின்னாடி காலியாக் கெடக்கு."

"சும்மாதான்ணே."

விலக்கில் மாரீஸ்வரி பின்வாசலில் ஏறினாள். இன்பராஜ் திரும்பவில்லை. கருவேலங்காடு இரண்டு பக்கமும் ஓடியது. நூல் மில் வந்தது. மில் கேட்டுக்கு முன்னால் ஒரு வேகத்தடை. டிரைவர் வண்டியை அடக்கி அதன் மேல் ஏற்றினார். முன்சக்கரம் ஏறி இறங்கியபோது இன்பராஜின் பல்லோடு பல் மோதியது. பஸ் கொஞ்சம் ஊர்ந்தது. பின்சக்கரம் ஏறி இறங்கியது.

இரண்டு தட்டு.

இரண்டாவது வரியை உதட்டுக்குள் பாடிப் பார்த்தார். இரண்டு குலுக்கலுக்கும் நடுவே இருந்த தூரத்தை அந்த வரிக்குப் பின்னால் வைத்தார். ஒரு பஸ்ஸின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள நீளம் மாறாது. வேகத்தடையில் எல்லா டிரைவரும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில்தான் ஊர்வார்கள். அப்படியானால் நடுவில் கிடக்கும் நேரமும் தினமும் ஒன்றுதான். அந்த நேரம் மெட்டின் பள்ளத்தில் போய் அப்படியே உட்கார்ந்தது.

"சங்கையாண்ணே, இந்தப் பிரேக்கர் எப்ப போட்டாக?"

"சரியாப் போச்சு. வருசமாகப் போகுது. இந்நேரம் நீங்க கொறட்டையில இருப்பீக, எங்கிட்டுத் தெரியும்?" சங்கையா பின்னால் எட்டிப் பார்த்தார். "ஒங்க பாட்டுக்காரப் பிள்ளைக்கு என்ன சார், இன்னைக்கு வாயத் தொறக்கல? தெனமும் ஒங்க சீட்டுக் கம்பியப் பிடிச்சுக்கிட்டுப் பாடிட்டு வருமே. மில்லு வந்தா நிறுத்தும், வண்டி குதிக்கும், மறுபடி எடுக்கும். நீங்க சொல்லிக்குடுத்து அது ஒப்பிக்குதுன்னுல்ல நெனச்சேன்."

"அது எப்பருந்துண்ணே பாடுது?"

"பிரேக்கர் போட்டதுலருந்துன்னு வச்சுக்கோங்க. நல்ல வாத்தியாரு சார் நீங்க. ஒறங்கிக்கிட்டே பாடம் நடத்துறீக."

சங்கையா சிரித்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போனார். இன்பராஜுக்கு எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக விளங்கியது. கண்ணுக்கு இமை இருக்கிறது, காதுக்கு இல்லை. தூங்குகிறவன் காதும் திறந்துதான் கிடக்கும். அவள் தினமும் பாடியது அந்தக் காது வழியாக உள்ளே போய்த் தங்கியிருக்கிறது. ஒருநாள் இறங்கும்போது வாய்க்கு வந்தது, தன் சொந்தச் சரக்கு என்று நினைத்துவிட்டார். வெறுமையும் கூடவே வந்திருக்கிறது. அதில் என்ன இருந்தது என்பது மட்டும் வரவில்லை. பஸ்ஸைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவர முடியாதே. வண்டியை எடுத்து நம்பர் பிளேட்டை மாற்றியது யார் என்று நினைத்தபோது அவருக்குக் கூட்டத்தில் சட்டையில்லாமல் நிற்பது போல இருந்தது. பிளேட் கேட்டில் தொங்குகிறது, எட்டடி நீளத்தில்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கி அவளுக்காக நின்றார். அவள் பின்வாசலில் இறங்கி, அவரைப் பார்த்ததும் வணக்கம் சொல்லிவிட்டு வேகமாக நடந்தாள்.

ரூத்திடம் முதலில் சொன்னார். ரூத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒறக்கத்துல கேட்டதுக்கு நீங்க என்ன சார் பண்ணுவீக? வேணும்னா செஞ்சீக?"

"வேணும்னு செய்யல மேடம். ஆனா அந்தப் பிள்ளைய வேணும்னுதான் பேசுனேன்."

"பிளக்ஸ் அடிச்சாச்சு. அழைப்பிதழும் போயிருச்சு. விழாவுல அதுக்கு ஒரு பரிசு குடுத்துருவோம். ஒரு வார்த்த தனியாக் கூப்பிட்டுச் சொல்லிருங்க. நாலு பேருக்கு முன்னாடி வேணாம். நீங்க நாளைக்கும் அந்தக் கிளாஸுக்குப் போகணும்ல."

அந்தப் பேச்சில் அவருக்கு ஒரு நிழல் கிடைத்தது. அதில் பொய் இல்லை. ஒரு பரிசு, தனியாக ஒரு வார்த்தை, எல்லாம் முடிந்துவிடும். சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். தாழ்வாரத்தில் இரண்டு பையன்கள் பைக் ஓட்டுவது போல் கையை முறுக்கிக்கொண்டு மாரீஸ்வரியைத் தாண்டிப் போனார்கள். ஒருவன் முதுகில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அதில் வண்டி எண். அவள் குனிந்து தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். பாட்டில் நிரம்பி வழிந்த பிறகும் நிமிரவில்லை.

இன்பராஜ் திரும்பி ரூத்தின் அறைக்கே போனார். "நாலு பேருக்கு முன்னாடிதான் மேடம் பேசுனேன். அங்கனயே வச்சுத்தான் எடுக்கணும்."

ஒன்பதாம் வகுப்பில் நின்று சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. மெட்டு மாரீஸ்வரியுடையது, பஸ்ஸில் அவள் பாடியதைத் தூக்கத்தில் கேட்டுத் தன்னுடையது என்று அவர்தான் நினைத்துவிட்டார், களவாணி என்று சொன்னது தப்பு, நம்பர் பிளேட்டை மாற்றியது அவர்தான். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது. மாரீஸ்வரி டெஸ்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏதாச்சும் சொல்லணுமாம்மா?"

"இல்ல சார்."

கேட்டில் ஏறி அவரே பிளக்ஸில் தன் பெயர் மேல் வெள்ளைத் தாளை ஒட்டினார். 'பாடல் இசை: மாரீஸ்வரி, ஒன்பதாம் வகுப்பு.' தாள் கொஞ்சம் கோணலாக இருந்தது. அடியில் இருந்த எழுத்து லேசாகத் தெரிந்தது. எத்தனை தாள் ஒட்டினாலும் தெரிந்தது.

மதியம் கோரஸ் ஒத்திகை. மாரீஸ்வரியையும் வரச் சொல்லியிருந்தார். அவள் வந்து வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள், உள்ளே வரவில்லை. இன்பராஜ் பிள்ளைகளுக்கு வேகத்தடையை விளக்கினார். பலகையில் பஸ் வரைந்து, முன்சக்கரத்துக்கு ஒரு கோடு, பின்சக்கரத்துக்கு ஒரு கோடு போட்டார். ஆறில் ஒரு தட்டு, எட்டில் ஒரு தட்டு. காலையில் பல்லில் பட்டபடியே ஆர்மோனியப் பெட்டியில் தட்டினார்: முதலாவது ஓங்கி, இரண்டாவது மெல்ல. பிள்ளைகள் பாடினார்கள். முன்பைவிடப் பரவாயில்லை. ஆனாலும் கரையேறும்போது பாதிப் பேர் தயங்கினார்கள். இன்னொரு முறை பாடினார்கள். அப்போதும் தயக்கம்.

பள்ளத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்தும் தாண்ட முடியவில்லை. அவர் கையை எடுத்துவிட்டு வாசலைப் பார்த்தார்.

"எங்கம்மா தப்பு?"

"மாத்தித் தட்டுறீக சார்."

"மாத்தின்னா?"

"இன்னைக்கு நீங்க முன்னாடி நின்னீக." அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஏன் முன்னால் நின்றார் என்று அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கு விளங்கியது. கண்ணைப் பலகைக்குத் திருப்பிக்கொண்டார். "முன்னாடி நிக்கிறவுகளுக்கு முன்சக்கரந்தான் பெருசாத் தெரியும். நான் பின்னாடில்ல நிப்பேன். எனக்கு மொதத் தட்டு எங்கிட்டோ கேக்கும். ரெண்டாவதுதான் ஆளத் தூக்கும். தூக்குனதும் பாட்டு தானா வந்துரும்."

அன்று பெஞ்சில் அவள் தட்டியதும் அப்படித்தான். அவர் கண்ணெதிரே தட்டினாள். கேட்கும் பயிற்சி நடத்துகிறவர் அதைக் கேட்கவில்லை.

"நீயே தட்டும்மா" என்றார்.

அவள் உள்ளே வந்தாள். அவர் பக்கம் வராமல் பெஞ்சுக்கு அந்தப் பக்கமாகச் சுற்றிப் போய், கோரஸுக்குப் பின்னால் நின்று, ஒரு டெஸ்க்கின் மேல் கையை வைத்தாள். இன்பராஜ் சுருதி கொடுத்தார். இரண்டாவது வரி ஐந்தில் நின்றது. பின்னாலிருந்து இரண்டு தட்டு வந்தது. இருபது குரலும் ஒரே குரலாக எழுந்தன.

அவர் பலகைக்குப் போய், தான் எழுதியதை அழித்துவிட்டுத் திருத்தி எழுதினார்: ஆறில் மெல்ல ஒரு தட்டு. ஏழு சும்மா. எட்டில் ஓங்கி ஒரு தட்டு. ஒன்றில் எல்லோரும் எடுக்க வேண்டும்.