அக்கா முடிக்காத வாக்கியம்

1
இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையது, அனுபவிப்பவள் அக்கா. முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். பிறகு தைரியம் வராது.

2
தொடக்கம் (அடித்தது): 'அவள் நெஞ்சுக்குள் ஒரு பறவை…'

அக்கா சிவப்பு மையால் அடித்திருப்பாள். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவள், என் முதல் வாசகி. "பறவையாவது ஒண்ணாவது! இதயம் தாறுமாறா துடிக்குது, மாடி ஏறினா மூச்சு வாங்குது. அப்படியே எழுதேன்டா" என்பாள்.

அப்படியே எழுதுகிறேன். மயக்கம் கொடுத்து, நெஞ்சில் மின்சாரம் பாய்ச்சித் துடிப்பைச் சீராக்கலாம் என்றார் டாக்டர். அதற்கு முன் மூன்று வாரம், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை ஒருவேளைகூட விடக்கூடாது. விட்டால் சிகிச்சை தள்ளிப்போகும்.*

* இந்த விதி என் கற்பனையாக இருந்திருந்தால் தளர்த்தியிருப்பேன்.

3
அந்த மூன்று வாரத்தின் நடுவில் என் வீட்டில் தங்கி என் நாவலைத் திருத்தினாள். மாத்திரை டப்பா அவள் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் இருந்தது. "நான் போய் எடுத்துட்டு வரேன்க்கா" என்றேன். இரண்டு நாள் போகவில்லை. [இங்கே மழை என்று எழுதியிருந்தேன். மழையே இல்லை. கடைசி அத்தியாயம் பாக்கி இருந்தது.]

4
சிகிச்சையன்று காலை நர்ஸ் கேட்டார்: "மூணு வாரமும் விடாம மாத்திரை போட்டீங்களாம்மா?"

"ரெண்டு நாள் மட்டும்…"

"ஒருவேளைகூட விடலை சிஸ்டர்" என்று நான் முந்திக்கொண்டேன்.

இன்னும் சில வாரம் அவள் மூச்சிரைப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புத்தக வெளியீட்டில் அவள் முன்வரிசையில் இருக்க வேண்டும் என்ற கணக்கும் இருந்தது. அக்கா என்னைப் பார்த்தாள். நாலு பேர் முன்னால் தம்பியை விட்டுக்கொடுக்க மாட்டாள்.

ஒரே தடவையில் துடிப்பு சீரானது. "இனிமே மாடிப்படிதான் என்னைப் பாத்து பயப்படணும்" என்று சிரித்தாள். நாலாம் நாள் காலை, பல் தேய்க்கும்போது பிரஷ் கையிலிருந்து விழுந்தது. இதயத்தில் உறைந்திருந்த ரத்தக்கட்டி மூளைக்குப் போய்விட்டது. இப்போது பேச்சு இல்லை. எழுத்துகளைப் பார்க்கிறாள், படிக்க முடியவில்லை.

5
மாற்று முடிவு: அக்கா தேறி இந்தப் பிரதியையும் திருத்துகிறாள். (ஆசைதான்.)

இன்னொன்று: மாத்திரையை விடாமல் போட்டாலும் அபூர்வமாக இப்படி நடக்கும் என்று டாக்டர் தேற்றுகிறார். (உண்மையிலேயே தேற்றினார். அந்த இரண்டு நாளை அவரிடமும் நான் சொல்லவில்லை.)

6
மெய்ப்புப் பார்க்க ஆள் இல்லை. முடிவை நீங்களே எழுதுங்கள், இடம் விட்டிருக்கிறேன். இந்தமுறை நான் குறுக்கே வரமாட்டேன்.

"மூணு வாரமும் விடாம மாத்திரை போட்டீங்களாம்மா?"

"ரெண்டு நாள் மட்டும் ……………………"