கூர் ஏறாத வெட்டு

நுண்ணோக்கியில் பார்த்தபோது முதலில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. உடைந்த உலோகத் துண்டில் போட்டிருந்த வெட்டு, அடியில் கூராக முடியாமல் கட்டைவிரல் நகம்போல் வட்டமாக இருந்தது. அடுத்த நொடி சிரிப்பு நின்றது. அந்த வெட்டைப் போட்டவள் அவள்தான்.

சோதனைக்கூடத்தில் அவளை உடைப்பக்கா என்பார்கள். பன்னிரண்டு வருடமாக எதையாவது உடைத்து, அதன் உறுதிக்கு எண் சொல்வதுதான் பிழைப்பு. இந்த முறை வந்தது நியோபியமும் சிலிக்கானும் சேர்த்து உருக்கிய கலவை. விமான இன்ஜினின் நெருப்புக்குள் சுழலப்போகும் விசிறி இதழ்களுக்கானது. மற்ற உலோகங்கள் இளகிப்போகும் சூட்டில் இது அசைந்து கொடுக்காது. ஆறியதும் பார்க்க வேண்டும் லட்சணத்தை, மயிரிழை விரிசல் விழுந்தால் போதும், பொசுக்கென்று போய்விடும். எவ்வளவு தாங்கும் என்று அறிய, விரல் நீளத் துண்டில் வெட்டுப் போட்டு, அதன் அடியில் வைரப் பசை தடவி, ஷேவிங் பிளேடால் நாற்பது நிமிடம் முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். அப்போதுதான் வெட்டு நிஜ விரிசல்போல் கூராகும்.

முதல் நான்கு துண்டுகளுக்கு அவள் அதைச் செய்யவில்லை. பசை தீர்ந்திருந்தது, மேலாளர் கழுத்தில் கத்தி வைக்காத குறையாக நின்றார், போகட்டும் என்று விட்டுவிட்டாள். மழுங்கிய வெட்டு துண்டுகளைப் பலசாலிகளாகக் காட்டியது. பதினெட்டு என்று எண் வந்தது. இன்ஜின் நிறுவனம் கேட்டிருந்ததோ பதினைந்துதான். கேக் வெட்டினார்கள், அவளுக்குப் பெரிய துண்டாகக் கொடுத்தார்கள். பிறகு, பசை வந்ததும், எட்டுத் துண்டுகளை ஒழுங்காகக் கூராக்கி உடைத்தாள். ஒன்றுகூடப் பன்னிரண்டைத் தாண்டவில்லை.

மேலாளர் புது எண்கள் எழுதிய தாளை வாங்கிப் பார்த்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அந்த எட்டும் சரியா வார்க்கலன்னு எழுதிடலாம்மா."

"வார்ப்புல ஒரு குறையும் இல்ல சார். குறை என் வெட்டுலதான்."

"அதத்தான் நானும் சொல்றேன். வெளிய வந்தா யார் தலை உருளும்? உன் ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது. ஞாபகம் இருக்கட்டும். மிச்சம் இருக்கிற ஒரு துண்டை நாளைக்கு வர்ற இன்ஜின் கம்பெனிக்காரங்க முன்னாடி உடைச்சுக் காட்டு. பிளேடு கிளேடு எல்லாம் வேண்டாம்."

மறுநாள் காலை, பேருந்து ஓட்டப் புறப்பட்டுக்கொண்டிருந்த கணவனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே கேட்டான்.

"ஒத்துக்கிட்டா தலையையா வாங்கிடுவாங்க?"

"வேலைய வாங்கிடுவாங்க."

"பிரேக் பிடிக்காத வண்டிய நல்லாருக்குன்னு எழுதிக் கொடுத்தவன் எவன்னு நான் தினமும் திட்டுறேன். நீ அந்த ஆளா இருக்காதே."

வழியெல்லாம் அவளுக்குக் கோபம். கணவன்மேல், மேலாளர்மேல், எல்லாரையும்விட அந்தக் கேக்கைச் சப்புக்கொட்டித் தின்ற தன்மேல். வாசலுக்கு வருவதற்குள் பயம் எங்கேயோ கழன்று விழுந்திருந்தது.

பதினொரு மணிக்கு இன்ஜின் நிறுவனத்திலிருந்து நரைத்த தலையோடு ஒரு பெண் பொறியாளரும் அவர் உதவியாளரும் வந்தார்கள். மேலாளர் பதினெட்டைப் பற்றி வாய் ஓயாமல் பேசிவிட்டு, "மெஷின்ல வைம்மா" என்றார்.

அவள் துண்டை எடுத்தாள். இயந்திரத்தின் பக்கம் போகவில்லை. மேசையில் சின்னப் பிடிப்பானில் இறுக்கி, வெட்டுக்குள் சாம்பல் நிறப் பசையைக் குச்சி முனையால் வைத்தாள். மேலங்கிப் பையிலிருந்து பிளேடு வந்தது.

"என்ன பண்ற?" மேலாளரின் குரல் கீச்சிட்டது.

"செய்ய வேண்டியதைச் செய்றேன் சார்." அவள் பொறியாளரைப் பார்த்தாள். "முதல் நாலு துண்டுக்கு நான் இதைச் செய்யலம்மா. தப்பு என்னோடது. அந்தப் பதினெட்டை நம்பாதீங்க. இதுக்கு நாப்பது நிமிஷம் ஆகும், உட்காருங்க."

"அவங்களுக்கு நேரம் இல்ல!"

பிளேடு நகரத் தொடங்கிவிட்டது. முன்னும் பின்னும். இந்தக் கூடத்தில் உடையாமல் மிச்சமிருந்த கடைசி மழுங்கிய வெட்டு கூராகிக்கொண்டிருந்தது. மேலாளர் கதவுப் பிடியில் கைவைத்தபடி, போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் நின்றார்.

பொறியாளர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேசை விளக்கின் கழுத்தை வளைத்து, வெளிச்சத்தை அவள் விரல்களுக்குக் கீழே கொண்டுவந்து வைத்தார்.