பிறேமராசாவுக்கு ஒரே நாளில் வந்த வயது

பிறேமராசாவைப் பிடித்துச் சென்ற அன்று அவனுக்கு வயது இருபத்தாறு. பதினாறு வருடம் கழித்து, வழக்கின் நூற்றுப் பன்னிரண்டாவது தவணையிலும் இருபத்தாறுதான். தீர்ப்பு வராமல் மறியல் சிறையில் கிடக்கும் காலம் தண்டனையில் சேராது என்று நீதிமன்றம் முதல் வருடமே சொல்லியிருந்தது. அவனுடைய உடம்பு அதைக் கேட்டு நடந்தது. மயிர் நரைக்கவில்லை, நகம் வளரவில்லை, பிடித்த அன்று சவரம் செய்திருந்த முகம் அப்படியே இருந்தது. சிறை வைத்தியர் அவனைச் சோதித்துவிட்டு, உள்ளே சாப்பாடு திறம் என்பதற்கு இதுவே சான்று என்று எழுதிவைத்தார்.

அவன் பரந்தனில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தவன். இயக்கத்துக்குப் பன்னிரண்டு ரியூப் கொடுத்தான் என்பது குற்றம். ரியூப்பை வைத்து என்ன குண்டு செய்யலாம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் யாராவது பதில் சொல்ல வேண்டிவரும். வாக்குமூலம் சிங்களத்தில் நாற்பது பக்கம். அதில் அவனால் வாசிக்க முடிந்தது தன் கையெழுத்தை மட்டும்தான்.

அவன் மனைவி சிவமலருக்குக் காலம் ஒழுங்காகக் கழிந்தது. தலை நரைத்தது, மூட்டு நொந்தது. மாதம் ஒருமுறை சாப்பாட்டுப் பார்சலோடு கொழும்புக்குப் பஸ் ஏறுவாள். அதை உள்ளே விடுமுன், நஞ்சு இல்லை என்று காட்ட, காவலர் முன்னால் அவள் ஒரு வாய் தின்ன வேண்டும். நூற்றெண்பது முறைக்கு மேல் தின்று காட்டியிருந்தாள். பதினாறாம் வருடம் புதிதாக வந்த காவலன் ஒருவன் பரிவோடு கேட்டான்:

"அம்மா, மகனைப் பாக்க வந்ததா?"

"மகன் இல்லை, மனுசன்."

அவன் பதிவேட்டைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான்.

அந்த மாதம்தான் அரச தரப்பு பெருந்தன்மை காட்டியது. குற்றவாளி என்று ஒப்புக்கொண்டால் ஒரு வருடம் புனர்வாழ்வு முகாம், பிறகு வீடு. ஒப்புக்கொள்ளாவிட்டால் வழக்கு நடக்கும். சாட்சிகளில் மூவர் செத்துப்போனதால் ஆறுதலாக, மெல்ல மெல்லவே நடக்கும். செய்தவனுக்கு ஒரு வருடம், செய்யாதவனுக்கு ஆயுள். படித்தவர்கள், கறுப்புக் கோட்டுப் போட்டவர்கள், இதைச் சிரிக்காமல் சொன்னார்கள். பதினாறு வருடம் வீணாகிவிட்டதே என்று அவனுடைய வக்கீல் வாதாடியபோது, அரச தரப்பு வக்கீல் கூண்டைக் கைகாட்டி, இவர் எதை இழந்திருக்கிறார், பார்த்துச் சொல்லுங்கள் என்றார். மன்றம் பார்த்தது. இழந்ததாகத் தெரியவில்லை.

"செய்யாததைச் செய்தனான் எண்டு எப்பிடி மலர் சொல்லுறது?" என்று பிறேமராசா, பார்சலோடு வந்தவளிடம் கம்பிக்குப் பின்னால் நின்று கேட்டான்.

"நீங்கள் செய்யேல்லை எண்டு எனக்குத் தெரியும். அவங்களுக்கு என்னைவிட வடிவாத் தெரியும். இஞ்சேருங்கோ, உந்த ரோசத்தை வைச்சு இவ்வளவு நாளும் என்னத்தைக் கிழிச்சனீங்கள்? இன்னும் பத்து வருசம் போனா, நான் உங்கட அம்மம்மாவோ எண்டு கேப்பாங்கள். எனக்கு மனுசன் வேணும். மகன் வேண்டாம்."

"பிறகு ஊர் என்னைக் குற்றவாளி எண்டெல்லோ சொல்லும்?"

"சொல்லட்டும். சொல்லுற ஆள் ஆரும் எனக்குப் பார்சல் கட்டித் தந்தவையே?"

அடுத்த தவணையில் அவன் ஒப்புக்கொண்டான். சொன்ன வாய் மூடுமுன் பதினாறு வருடமும் வந்து இறங்கின. முதலில் தலை வெளுத்தது. பிறகு நாலு பல் கூண்டுக்குள் விழுந்தது. தாடி நெஞ்சு தாண்டி நிலத்தைத் தொட்டது, நகங்கள் சுருண்டன, முதுகு வளைந்தது. சிறை வருடம் வெளி வருடத்தைவிடப் பாரம் என்பதால், எல்லாம் இறங்கி முடிந்தபோது அவனுக்கு எழுபது மதிக்கலாம். தேநீர் ஆறிக்கொண்டிருந்ததால் நீதிபதி இரண்டு முறை மணிக்கூட்டைப் பார்த்தார். முதுமை ஒப்புதலுக்குப் பிறகே ஏற்பட்டது, ஆகவே அரசு பொறுப்பல்ல என்று பதியும்படி அரச தரப்பு வக்கீல் கேட்டார். பதிந்தார்கள்.

புனர்வாழ்வு முகாமில் அவனுக்குச் சைக்கிள் திருத்தப் பழக்கி, சான்றிதழும் கொடுத்தார்கள்.

வருடம் முடிந்து சிவமலர் அவனைக் கூட்டிப்போக வந்தாள். பஸ் படியில் அவன் கால் தடுமாறியது.

"அக்கா, அப்பாவைப் பிடிச்சு ஏத்துங்கோ," என்றான் கொண்டக்டர்.

"அப்பா இல்லைத் தம்பி, மனுசன்."

கொண்டக்டர் தலையாட்டினான். அந்தப் பாதையில் அப்படியான சோடிகள் வேறும் ஏறுவதுண்டு.

யன்னல் பக்கம் அவனை இருத்திவிட்டுச் சிவமலர் இடியப்பப் பார்சலைப் பிரித்தாள். ஒரு வாய் தானே தின்றாள். விழுங்கும்வரை அவன் காத்திருந்தான். பிறகு அவள் பார்சலை அவன் மடியில் வைத்தாள்.