பிரேக்குக்கு ஒரு மன்னிப்பு

என் கணவர் கார் எலக்ட்ரீஷியன். யார் வண்டி மக்கர் பண்ணினாலும் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார். எங்கள் பழைய கார் மட்டும் அவருக்கே தண்ணி காட்டியது.

பிரேக்கை மிதித்தால் ஹாரன் அடிக்கும். இடது இண்டிகேட்டர் எரிய, முதலில் ஹெட்லைட்டைப் போட வேண்டும். பிறகு டேஷ்போர்டில் ஓங்கி ஒரு குத்து. மனுஷன் பியூஸ் மாற்றினார், ரிலே மாற்றினார், சுவிட்சையே கழற்றி மாட்டினார். கொஞ்ச நாள் சாதுவாக இருக்கும், மறுபடி ஆரம்பித்துவிடும்.

அந்தச் சனியனில்தான் நான் ஓட்டப் பழகினேன். பிரேக் பிடித்தால் முன்னால் போகிறவர்கள் திரும்பி முறைப்பார்கள். நான் கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்பேன். போகப் போக, காலை அழுத்தினால் கை தானாக எழுந்தது.

மருந்துக் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. காரில் கடை கடையாகப் போய் ஆர்டர் எடுக்க வேண்டும். திங்கட்கிழமை லைசென்ஸோடு வந்தால்தான் வேலை, இல்லாவிட்டால் வேறு ஆள் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

டெஸ்டுக்குக் கிளம்பித் தலை வாரிக்கொண்டிருந்தேன். கணவர் துருப்பிடித்த ஒரு ஸ்க்ரூவோடு ஓடி வந்தார்.

"கெடச்சிருச்சு! எர்த் ஒயர் லூஸு! கரண்ட் திரும்பிப் போக வழியில்லாம கண்ட இடத்துல பூந்திருக்கு. புது ஸ்க்ரூ போட்டு முறுக்கிட்டேன், இனி ஒண்ணும் ஆகாது. ராணி மாதிரி ஓட்டு!"

ஓட்டினேன். பக்கத்தில் அதிகாரி.

"லெஃப்ட்ல திரும்புங்க" என்றார். பட்டப்பகலில் ஹெட்லைட்டைப் போட்டு, டேஷ்போர்டில் ஒரு குத்து விட்டேன். அவர் மடியிலிருந்த அட்டை கீழே விழுந்தது. பிரேக் பிடித்தேன், கை எழுந்தது. சைக்கிள்காரர் ஒருவர் பதிலுக்குக் கையாட்டினார். அடுத்த பிரேக்கில் ஒரு நாய்க்குக் கையைத் தூக்கினேன்.

"இந்த ஊர்ல உங்களுக்குத் தெரியாத ஆளே இல்லயா?"

"தெரியாதவங்கதான் சார். மன்னிப்புக் கேட்டேன்."

"எதுக்கு?"

"பிரேக் பிடிச்சதுக்கு."

வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். "வண்டியில ஒரு குறையும் இல்லம்மா. ஒயர் லூஸா இருக்கறது வேற எங்கயோ."

ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் கணவர் முகமெல்லாம் பல்லாக நின்றார். "வண்டி எப்படி?"

"வண்டி பாஸ். நான் ஃபெயில். இன்னிக்குன்னு பாத்துத்தானா அந்த ஸ்க்ரூ உங்க கையில கெடைக்கணும்?" எனக்கு அழுகை முட்டியது. வேலை போச்சே!

அவர் அதிகாரியிடம் ஓடினார். "சார், தப்பு என்மேல. வண்டிய ரிப்பேர் பண்ணிட்டேன்."

விஷயம் முழுவதையும் கேட்டு அதிகாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சரிபண்ணினதுக்கு மன்னிப்புக் கேக்கற மெக்கானிக்கை இப்பத்தான்யா பாக்கறேன். வெள்ளிக்கிழமை வாங்க."

"வேணும்னா மறுபடி லூஸ் பண்ணிடவா?" என்று வீட்டுக்குப் போகும் வழியில் கணவர் கேட்டார்.

"ஹாரன் அடிச்சா வண்டிய ஃபெயில் பண்ணுவாரு, அடிக்காட்டி என்னைப் பண்ணுவாரு. பேசாம என்னை ரிப்பேர் பண்ணுங்க!"

அன்றிலிருந்து பயிற்சி. நான் குத்துகிற இடத்தில் அவர் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். அவர் கை வீங்கியபோது என் கை அடங்கியிருந்தது. வெள்ளிக்கிழமை ஒரே ஒரு முறை கை எழுந்தது. முடியை ஒதுக்குவதுபோல் சமாளித்துவிட்டேன். பாஸ்!

திங்கட்கிழமை காலை சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வீட்டில் இருப்பது ஒரே வண்டி என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"அப்ப நான் எப்படி ஒர்க்ஷாப்புக்குப் போறது?"

"தெரு முக்குல பஸ் வரும்" என்றேன். பாவம், டூல்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார்.