பாகத்தில் வந்த பேட்டரி

பாகப்பிரிவினையில் அண்ணனுக்குக் காரும் தம்பிக்கு அந்தக் காரின் பேட்டரியும் வந்தன. இரண்டுக்கும் நடுவே இரண்டு தெருக்கள் கிடந்தும், அண்ணன் வீட்டுக் கொட்டகையில் காரின் விளக்கு வழக்கம்போல் எரிந்துகொண்டிருந்தது. பாகம் பிரித்த விதத்தைப் பார்த்து வியந்தே அக்கம்பக்கத்தார் களைத்துப்போயிருந்ததால், விளக்கைக் கண்டு வியக்க அவர்களிடம் தெம்பு மிச்சமில்லை.

இப்படிப் பிரித்தவர் அவர்களுடைய தந்தை. கால்நடை மருத்துவர். அந்தக் காரில்தான் ஊர் ஊராகச் சென்று மாட்டுக்கும் குதிரைக்கும் வைத்தியம் பார்த்தார். கொட்டிலில் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும் இரண்டு காளைகளை ஒரே நுகத்தில் பூட்டினால் ஒழுங்காக நடக்கும் என்பது அவர் தொழிலில் கண்ட உண்மை. தம் பிள்ளைகள் இருவரும் சிறுவயது முதலே எலியும் பூனையுமாக இருந்ததைக் கண்டவர், கடைசிப் படுக்கையில் அந்த வைத்தியத்தையே எழுதிக்கொடுத்தார். “தனித்தனியா இருந்தா ரெண்டும் பழைய இரும்புடா. சேர்ந்தாத்தான் வண்டி. வாரத்துக்கு ஒரு தடவை சேர்ந்து வெளியில போயிட்டு வாங்க” என்றார். காளைகளுக்கு ரோஷம் கிடையாது என்பதை மட்டும் அவர் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டார்.

தந்தை இறந்தபின் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை தம்பி பேட்டரியைச் சுமந்து சென்று, ஸ்பானர் பிடித்துத் தாமே மாட்டினார். மாட்டி முடித்ததும் முன்கதவைத் திறந்தார்.

“நீ பின்னாடி உக்காரு,” என்றார் அண்ணன்.

“ஏன், நான் முன்னாடி உக்காந்தா கதவு கழண்டு விழுந்துடுமா?”

“ஓட்டத் தெரியாதவனுக்கு முன்னாடி என்ன வேலை?”

“பேட்டரி இல்லாதவனுக்கு ஓட்டத் தெரிஞ்சு என்ன வேலை?”

கார் ஓட்டுவதைத் தந்தை அண்ணனுக்கு மட்டுமே சொல்லிக்கொடுத்திருந்தார்; அது பழைய காயம். தம்பி மாட்டிய கையாலேயே கழற்றினார். பேட்டரியைக் குழந்தையைப்போல் மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். வழியில் திராவகம் சிந்திச் சட்டை முழுக்க ஓட்டையானது. “நல்லவேளை, சட்டையோட போச்சு,” என்றாள் மனைவி. அன்று முதல் அந்த வட்டாரத்தில் சகோதரர் இருவருக்கும் ப்ளஸ், மைனஸ் என்று பெயர் வந்தது. யார் ப்ளஸ், யார் மைனஸ் என்பதில் மட்டும் ஊரில் கடைசிவரை ஒருமித்த கருத்து ஏற்படவில்லை.

தம்பி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கண்ணாடி வில்லைகளோடு பழகிய கை ஆகையால், பேட்டரியையும் அவர் குறையின்றிப் பேணினார். சமையலறைக்குப் பின்னால் இருந்த சிற்றறையில், தரையின் குளிர்ச்சி ஏறாதபடி மரப்பலகை போட்டு அதன்மேல் அமர்த்தினார். முனைகளில் பூக்கும் வெள்ளைப் படிவைச் சோடா உப்புக் கரைத்த வெந்நீரால் கழுவி, துடைத்து, வாஸ்லின் தடவினார். தகடுகள் மூழ்கும் அளவுக்குக் காய்ச்சி வடித்த நீர் ஊற்றினார். “எனக்குத் தலைவலின்னா பானையில தண்ணி இருக்கு, குடின்னு சொல்றீங்க. அதுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டரா?” என்று மனைவி கேட்பாள். அவர் காதில் வாங்கமாட்டார். கண்ணாடிக் குழாயால் திராவகத்தை உறிஞ்சி, உள்ளே மிதக்கும் மிதவை எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பார்ப்பதில் மும்முரமாக இருப்பார். மிதவை உயர்ந்து நின்றால் சார்ஜ் நிறைவு, இறங்கினால் குறைவு.

எந்தக் கம்பியும் இணைக்காத பேட்டரியில் மிதவை நாளுக்கு நாள் இறங்குவதை அப்போதுதான் அவர் கவனித்தார். எங்கோ கசிகிறது என்று எண்ணினார். கடைத்தெருவுக்குப் போய்வந்த மனைவி காரணத்தைக் கொண்டுவந்தாள். அண்ணன் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவர். வீட்டின் சத்தத்துக்குத் தப்பி, மாலைதோறும் காரின் முன்னிருக்கையில் அமர்ந்து, கூரை விளக்கின் வெளிச்சத்தில் பிழை பார்த்துக்கொண்டிருந்தார். “உங்க பங்குல இருந்துதான் அவர் படிக்கிறார்,” என்றாள் அவள். தம்பி ஒரு கணம் மூக்கு விடைக்க நின்றார். இதைச் சாக்காக வைத்து வாசலில் போய்க் கூச்சலிடலாம். சண்டையாகவாவது ஒரு பேச்சு நடந்திருக்கும். ஆனால் அவர் பேட்டரியைச் சார்ஜில் போட்டார். பின்னாளில் எண்ணி எண்ணி வருந்தியது அந்தக் கணத்தைத்தான். மின்சாரம் தானாகப் போய்ச் சேர்ந்ததனால், மனிதர் போய்ச் சேரவேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

ஆண்டுகள் இவ்வாறு சென்றன. பழைய பேட்டரி செத்தால் தம்பி புதியது வாங்கி அதே பலகையில் வைப்பார். விளக்கு அந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தவில்லை. தம்பியின் பிள்ளைகள் படித்து வெளியூர் போனார்கள்; அண்ணன் வீட்டில் ஒரே மகள் பெரியவளானாள். அண்ணனுக்குக் கோபம் வந்து ஹாரனை அழுத்தினால், தம்பி வீட்டில் பேட்டரி ஒரு விக்கல் விக்கும். அண்ணி இறந்த அன்று தம்பி மயானம்வரை சென்று, கூட்டத்தின் கடைசி வரிசையில் நின்று, யார் கண்ணிலும் படாமல் திரும்பிவிட்டார். அன்று மாலை மிதவை கல்லைப்போல் இறங்கியது. மழையில்லாத நாளில், கூரை போட்ட கொட்டகைக்குள், காரின் வைப்பர்கள் கண்ணாடியை இடைவிடாமல் துடைத்துக்கொண்டிருந்ததாகப் பால்காரர் வந்து சொன்னார். “இப்பவாவது போங்களேன்,” என்றாள் மனைவி. ஆறுதல் சொல்லவேண்டியவர் சார்ஜைக் கூட்டிவைத்தார்.

பேட்டரிக் கடைக்காரர் ஒவ்வொரு முறையும் ஒரே பல்லவியைப் பாடினார். “வண்டியில மாட்டி ஓட்டுங்க சார். ஓடினாத்தான் அதுக்கு உசிரு. ஓடாத பேட்டரிக்குச் சார்ஜ் போடுறது, படுக்கையை விட்டு எழுந்திருக்காதவனுக்கு விருந்து வைக்கிற மாதிரி. திங்கும், ஆனா ஒட்டாது.” தம்பி தலையாட்டிவிட்டு வருவார். அடுத்த வாரம் போகலாம் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்தார்.

பிறகு மின்சாரச் செலவு ஏறியது. கூரை விளக்குக்குப் போகிற அளவு அல்ல. முகப்பு விளக்குகளையே அண்ணன் எரிக்கிறார் என்று தெரிந்தது. கொட்டகைச் சுவரில் அந்த வெளிச்சத்தைப் பாய்ச்சி, அங்கே தாளைப் பிடித்துப் படிக்கிறாராம். “இவ்வளவு வெளிச்சம் எதுக்கு இவருக்கு? என்ன, தாளைச் சுட்டுத் திங்கிறாரா?” என்று தம்பி எரிச்சல்பட்டார். கடைக்கு எவராவது வந்து வெளிச்சம் போதவில்லை என்று சொன்னால், மறு பேச்சில்லாமல் நாற்காலியில் உட்காரவைத்து, இமையை விலக்கிப் பார்த்து, தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் அனுப்புகிறவர் அவர். வீட்டுப் பேட்டரி அதையே மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தும் அவருக்கு விளங்கவில்லை.

ஒருநாள் மிதவை இறங்கவில்லை. மறுநாளும் அப்படியே நின்றது. “அப்பாடா, திருந்திட்டாரு,” என்றார் தம்பி. மேலும் சில நாட்கள் போயின. தொடப்படாத உணவைப்போல் பேட்டரி நிறைந்தபடியே இருந்தது. மனைவி குழாயை அவர் கையிலிருந்து பிடுங்கி அலமாரியில் வைத்தாள். “இதைப் பார்த்தது போதும். மனுஷனைப் போய்ப் பாருங்க. இல்லேன்னா நான் போறேன், உங்களுக்கு அதைவிட அவமானம் வேற வேணாம்.” அவர் பேட்டரியைச் சைக்கிளின் பின்னிருக்கையில் கயிறு போட்டுக் கட்டி, தள்ளிக்கொண்டே சென்றார். இரண்டு தெருக்கள்தாம், போய்ச் சேர ஒரு வாழ்நாள் ஆயிற்று.

அண்ணன் மகள் கதவைத் திறந்தாள். “சித்தப்பா,” என்றாள், நேற்று பார்த்தவரைப்போல. அண்ணன் உயிரோடுதான் இருந்தார். கொட்டகையில், காரின் முன்னிருக்கையில், இருட்டில் அமர்ந்திருந்தார். கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போய்விட்டதாகவும், முன்பே எவராவது பார்த்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று மருத்துவர் சொன்னதாகவும் மகள் தெரிவித்தாள். தாத்தாவின் பழைய கண்ணாடியையே அப்பா இத்தனை காலம் போட்டுக்கொண்டிருந்தார் என்றாள். “தம்பி கடை இருக்கும்போது வேற கடையில வாங்கினா ஊரு சிரிக்கும்னு சொல்வார். சரி, சித்தப்பா கடைக்கே போங்கன்னா, வாயைத் திறக்கமாட்டார். வேற பேட்டரி வாங்கி மாட்டுங்கன்னு எத்தனை பேர் சொன்னாங்க தெரியுமா? ‘அப்போ அவன் பங்கு என்ன ஆகுறது’ன்னு கேப்பார்.”

ஊருக்கெல்லாம் பார்வை கொடுத்த தம்பி, உடன்பிறந்தவனுக்கு வெளிச்சத்தை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தார்.

“யாரு, மைனஸா?” என்றார் அண்ணன், முகத்தைத் திருப்பாமல்.

“நீதான் மைனஸ்,” என்றார் தம்பி. மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேட்டரியின் கயிற்றை அவிழ்த்தார்.

“சரி, அழாம மாட்டு. முனையை மாத்திப் போட்டுடாதே.”

தம்பி மாட்டினார். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் ஒரு முறை முனகி நின்றது. அண்ணன் ஆண்டாண்டுகளாக வெளித்தகட்டைத் துடைத்துப் பளபளப்பாக்கியிருந்தார். டயர் கெடாமல் இருக்கச் வண்டியைக் கட்டைகள்மேல் தூக்கி நிறுத்தியிருந்தார். உள்ளே பிஸ்டன்கள் இறுகிக் கல்லாகியிருந்தன. அழைத்துவந்த மெக்கானிக் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, மரியாதையோடு மூடினார். ஓட்டத் தெரிந்தவருக்குப் பார்வை இல்லை; பார்வை உள்ளவருக்கு ஓட்டத் தெரியாது; வண்டிக்கோ ஓட்டமே இல்லை. தந்தையின் வைத்தியத்துக்கு இனி நோயாளி மிச்சமில்லை என்றே அங்கிருந்தவர்கள் நினைத்தார்கள்.

“முன்னாடி உக்காரு,” என்றார் அண்ணன்.

தம்பி முன்னால் உட்கார்ந்தார். அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்து, கிளட்சை மிதித்து, கியரைத் தள்ளினார். “ம், சொல்லு. முன்னாடி என்ன இருக்கு?” முன்னால் பூச்சு உதிர்ந்த சுவர் இருந்தது. “நேர் ரோடு. வலப்பக்கம் புளியமரம். மெதுவா, மாடு குறுக்கே வருது,” என்றார் தம்பி. அண்ணன் பிரேக்கை மிதித்தார். “மாடு போச்சா?” “போகலை, நின்னு உன்னையே பாக்குது.” “அப்பா வண்டின்னு தெரிஞ்சிருக்கும். ஊசிக்குப் பயப்படுது,” என்ற அண்ணன் பொறுமையாக ஹாரன் அடித்தார். கட்டைமேல் நின்ற கார் ஓர் அங்குலமும் நகரவில்லை. ஆனால் அவர்கள் இறங்கியபோது ஓடிய தூரம் காட்டும் மீட்டரின் கடைசி எண் மாறியிருந்தது. மட்கார்டில் செம்மண் அப்பியிருந்தது. மகள் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து அதைக் கழுவிவிட்டாள்.

அதன்பின் அவர்கள் மாலைதோறும் போய்வந்தார்கள். அண்ணன் கேட்பது ஒன்றுதான்: தந்தை சென்ற ஊர்களின் பாதை. தம்பி அவற்றில் எதையும் பார்த்தவர் அல்லர். அவரைத் தந்தை காரில் ஏற்றிக்கொண்டு போனதே இல்லை. ஆயினும் பாதை கண்ணுக்கு முன்னால் தானாக விரிந்தது என்றும், தாம் அதைப் பார்த்துச் சொன்னது மட்டும்தான் என்றும் அவர் மனைவியிடம் சொன்னார். தாம் பார்ப்பதை அண்ணன் பார்க்க முடியவில்லையே என்பதை ஒவ்வொரு வளைவிலும் நினைத்தார். அதை மட்டும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

சார்ஜ் குறைந்திருக்கும் என்று எண்ணி, ஒரு தடவை பேட்டரிக் கடைக்காரரைக் கொட்டகைக்கே வரவழைத்தார். அவர் திராவகத்தை உறிஞ்சி, மிதவையைப் பார்த்து, குழாயை உதறிவிட்டு, “பிரமாதம். இதுக்குச் சார்ஜே வேணாம். ஓடுற வண்டியில இருக்கிற பேட்டரிக்குத்தான் மிதவை இவ்வளவு உசரம் நிக்கும். எத்தனை வருஷமாச் சொல்றேன், இப்பத்தான் கேட்டீங்க,” என்றார். காருக்கு அடியிலிருந்த கட்டைகளை அவரும் பார்த்தார். பார்த்துவிட்டு, முனைகளில் இன்னும் கொஞ்சம் வாஸ்லின் தடவச் சொல்லிப் போனார்.