எப்போதும் மூணுதான்

லிப்ட் ரிப்பேர் வேலையில் ஏணியிலிருந்து விழுந்தது என் வீட்டுக்காரர். முதுகு போனது அவருக்கு. ஆனால் வலி கிளினிக்கில் பேசுவதெல்லாம் நான்தான். அவர் ஒரு ஊமைக்கோட்டான். கேட்டால் தலையாட்டுவார், கேட்காவிட்டால் அதுவும் கிடையாது.

ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் அவரே பதில் சொல்லவேண்டும். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு? அதை வைத்துத்தான் மருந்து கேட்கிறதா என்று முடிவு செய்வார்கள். மாத்திரை சாப்பிட்ட காலத்தில் ஏழு என்றார். நான் டாக்டர் முன்னாலேயே ஓவென்று அழுதுவிட்டேன். மாத்திரையை நிறுத்தி, முதுகுத்தண்டில் ஊசி போட்டார்கள்.

அடுத்த முறை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே "மூணு" என்றார். ஊசி நன்றாக வேலை செய்கிறது என்றார் டாக்டர். நான் குதித்த குதியில் நர்ஸே சிரித்துவிட்டாள். அதன்பிறகு ஊசிமேல் ஊசிதான். குத்தும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார். கேட்டால் எப்போதும் மூணு.

இன்றைக்குப் புது டாக்டரம்மா. "நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா. நான் எல்லாரையும் தனியாத்தான் கேப்பேன்."

"இதென்ன கூத்து? நான் இல்லாம இவரு வாயே தொறக்க மாட்டாரு!"

அவள் அசையவில்லை. வெடுக்கென்று எழுந்து வந்து கதவை இழுத்தேன். அது முழுசாகச் சாத்தாத கதவு.

"இப்ப சொல்லுங்கய்யா. எவ்வளவு?"

"எட்டு."

"ஊசிக்கு அப்புறமுமா?"

"ரெண்டு நாள் மரத்த மாதிரி இருக்கும். அப்புறம் பழைய குருடி கதவைத் திறடிதான்."

"மூணுன்னு சொன்னீங்களே! அத நம்பித்தான ஊசியையே போட்டுட்டு இருந்தாங்க? வேற மருந்து எப்பவோ பாத்திருக்கலாமே!"

நான் கதவிடுக்கில் காதை வைத்தேன்.

"ஏழுன்னு சொன்னதுக்கு அவ அழுதா, டாக்டரம்மா. மூணுன்னதும் வீடு வரைக்கும் சிரிச்சுட்டே வந்தா. விழுந்ததுலருந்து அவ சிரிச்சு நான் பாக்கல. ஊசிதானே, பொறுத்துக்கலாம்னு..."

அட பாவி மனுஷா! நான் பல்லைக் காட்டவா நீ பல்லைக் கடித்தாய்?

"இனி ஊசி வேண்டாம், மருந்த மாத்திப் பாப்போம். ஆனா எங்கிட்ட உண்மைய சொல்லணும்."

"சொல்றேன். அவகிட்ட மட்டும் மூணுன்னே சொல்லிடுங்கம்மா."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார்.

"என்னங்க சொன்னீங்க?"

என் முகத்தையே பார்த்தார். "மூணுதான்."

நான் சிரித்தேன். அதற்காகத்தானே அத்தனை ஊசியையும் வாங்கிக்கொண்டார்.