ஒன்றுமில்லாத ஊரின் கன்னோன்

எங்கள் ஊர்க் கோயிலுக்கு ஏன் யாரும் வருவதில்லை என்று நகராட்சி சொன்ன காரணங்கள் எல்லாம் சரிதான். பேருந்து காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஏரிக்கரை ரயில் நிலையத்திலிருந்து நடந்தால் வயல் வழியே முக்கால் மணி நேரம். கோயிலில் புத்தத் துறவி கிடையாது, கதவு எப்போதும் பூட்டியே இருக்கும். கதவில் ஒட்டியிருக்கும் எண்ணுக்கு ஃபோன் செய்தால், அந்த வருடம் சாவி வைத்திருக்கும் வீட்டார் வந்து திறந்துவிடுவார்கள். வீட்டுக்கு ஒரு வருடம், ஏப்ரலுக்கு ஏப்ரல், முறை வைத்து. இந்த வருடம் சாவி என்னிடம்.

ஆனால் நிஜமான காரணம் வேறு. கடந்த நவம்பரில் நடந்த ஊர்க்கூட்டத்தில்தான் அது வெளியே வந்தது. அன்று வந்த கோபம் எனக்கு இன்னும் இறங்கவில்லை.

கூட்டம் எதற்கு என்றால், எங்கள் கன்னோனை, கோயிலில் நிற்கும் கருணைத் தெய்வத்தின் மரச்சிலையை, கொண்டுபோவதற்கு. கோயில் கூரை ஒழுகுகிறது. ஆள் வராத கோயிலுக்குக் கூரை போட்டுத்தர நகராட்சியால் முடியாதாம். அதனால் சிலையை ஏரிக்கரை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடுங்கள், அங்கே கண்ணாடிக்குள் ஈரம் படாமல் இருக்கும் என்றார்கள். ஊர் சம்மதித்ததா என்று கேட்டுப்போக சுற்றுலாப் பிரிவிலிருந்து குவாபாத்தா என்ற இளைஞர் வந்திருந்தார்.

எங்கள் கூட்டத்தில் கை தூக்குவது, எண்ணுவது எல்லாம் கிடையாது. கடைசியில் ஊர்த்தலைவர் கென்பெய், "ஆட்சேபணை யாருக்கும் இல்லையே?" என்பார். எல்லோரும் குனிந்து பாயைப் பார்ப்போம். அத்தோடு முடிவு. ஆட்சேபணை என்று ஒருவர் வாய் திறந்து நான் கேட்டதில்லை.

நான் குவாபாத்தாவுக்குத் தேநீரும் முள்ளங்கி ஊறுகாயும் வைத்துவிட்டு, கையோடு அவர் கொண்டுவந்திருந்த சுற்றுலா வரைபடத்தையும் விரித்தேன்.

"தம்பி, இது என்ன?"

"அது பூனைங்க. பக்கத்து ஊர்ல சிமெண்ட்ல செஞ்ச பெரிய பூனை. உள்ள ஐஸ்கிரீம் கடை இருக்கு. நல்ல கூட்டம்."

"பூனை செஞ்சு எத்தனை வருஷம் இருக்கும்?"

"ஆறு ஏழு வருஷம்..."

"எங்க கன்னோனுக்கு ஆயிரம் வருஷம். வரைபடத்துல எங்க ஊர் இருக்க வேண்டிய இடத்துல நீங்க மேகம் வரைஞ்சு வச்சிருக்கீங்க."

யாரோ இருமினார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தொமேயோ என் முழங்காலைக் கிள்ளினாள். "விடுடி, விருந்தாளிகிட்ட."

குவாபாத்தாவின் முகம் சிவந்துவிட்டது. நல்ல பிள்ளை. பொய் சொல்லத் தெரியவில்லை. "அம்மா, நான் விசாரிக்காம வரையல. அந்த வரைபடம் போடறதுக்கு முன்னாடி ஊர் ஊரா நானே போனேன். இங்கயும் வந்தேன். தலைவர் வீட்டுலதான் உட்கார்ந்து கேட்டேன். பார்க்கறதுக்கு என்ன இருக்குன்னு."

"அவர் என்ன சொன்னார்?"

அவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் தன் கோப்பைக்குள் பார்த்தார்.

"ஒண்ணுமே இல்லாத ஊருன்னு சொன்னார். பழைய கோயில் ஒண்ணு இருக்கு, உங்க கண்ணுல காட்டுற அளவுக்கு இல்லைன்னார். அதுக்காகச் சிரமப்படாதீங்கன்னு பேரிக்காய் கொடுத்து அனுப்பினார்."

நான் கென்பெய் பக்கம் திரும்பினேன்.

"தலைவரே, நிஜமா?"

"வேற என்னம்மா சொல்லச் சொல்ற?" கென்பெய் நிமிர்ந்தார். அவருக்கும் கோபம் வந்திருந்தது. "வீட்டுக்கு வந்தவன்கிட்ட எங்ககிட்ட இருக்கறதுதான் உசத்தின்னு தம்பட்டம் அடிக்கவா? உன் மருமகளை யாராவது புகழ்ந்தா நீ என்ன சொல்வ? சமைக்கக்கூடத் தெரியாதுன்னுதானே சொல்வ?"

"அது மருமக. அவளை யாரும் கண்ணாடிக்குள்ள வைக்கப்போறதில்ல."

பின்வரிசையில் சிரிப்பு எழுந்து உடனே அடங்கியது.

"நானூறு வருஷத்துக்கு முன்னாடி, சண்டைக்கு வந்த படை கோயிலைக் கொளுத்தினப்போ," என்றேன், "நம்ம ஆளுங்க கன்னோனைத் தூக்கிக்கிட்டு ஓடி நெல்வயல் சேத்துல புதைச்சாங்க. சொந்த வீடு எரியறதை விட்டுட்டு. அவங்களும் அன்னிக்கு ஒண்ணும் இல்லாத சிலைன்னு சொல்லியிருக்கலாமே?"

"குரலைத் தாழ்த்திப் பேசு, மிசாவோ."

"தாழ்த்தித் தாழ்த்தித்தான் வரைபடத்துலயே இல்லாமப் போயிட்டோம்."

கென்பெய் கோப்பையைக் கீழே வைத்தார். மடக்கியிருந்த காலைச் சரிசெய்து நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, நான் பேசியது எதுவும் அந்த அறையில் நடக்கவே இல்லை என்பதுபோல், வழக்கமான குரலில் கேட்டார்.

"அப்போ, ஆட்சேபணை யாருக்கும் இல்லையே?"

எல்லாத் தலைகளும் குனிந்தன. தொமேயோவின் தலையும்.

"இருக்கு," என்றேன்.

அதன்பின் என்ன செய்வது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. கென்பெய் என்னைப் பார்த்து, "இருக்குன்னா?" என்றார்.

"இருக்குன்னா இருக்கு. எழுந்திரிங்க. தம்பி, நீங்களும். கொண்டுபோறதுக்கு முன்னாடி எதைக் கொண்டுபோறோம்னாவது பாருங்க."

வெளியே தூறிக்கொண்டிருந்தது. கோயில் கூட்ட அறைக்கு எதிரிலேயே இருக்கிறது, ஒரு கத்திரித் தோட்டம் தாண்டி. யாரும் குடை எடுக்கவில்லை. நான் பூட்டைத் திறந்தேன். உள்ளே ஒழுகலுக்கு வைத்த பிளாஸ்டிக் வாளியில் சொட்டு விழும் சத்தம் கேட்டது. சிலைக்கு முன்னால் இருந்த மரக்கதவுகளை இரண்டு பக்கமும் தள்ளினேன்.

குவாபாத்தா கைகூப்ப மறந்து நின்றார்.

எங்கள் கன்னோன் ஆள் உயரம். ஒரே மரத்தில் செதுக்கியது. வலக்கை விரல்கள் இல்லை, சேற்றோடு போய்விட்டன. ஆடை மடிப்புகளில் அந்த வயலின் மண் இன்னும் கருப்பாக இருக்கிறது, நாங்கள் துடைப்பதில்லை. தலையைச் சுற்றிப் பதினோரு சிறு முகங்கள். முன்னால் இருப்பவை சாந்தமானவை. அவளுடைய இடப்பக்கத்து மூன்றும் கோபமானவை. சாவி என்னிடம் வந்ததிலிருந்து நான் அந்த மூன்றையும் பார்த்துத்தான் கும்பிடுகிறேன்.

"பின்னாடி போய்ப் பாருங்க," என்றேன். "பின்மண்டையில ஒருத்தன் வாய்விட்டுச் சிரிக்கிறான். மனுசனோட முட்டாள்தனத்தைப் பார்த்து. அருங்காட்சியகத்துல சுவரோட ஒட்டி வச்சா அவன் யாருக்கும் தெரியமாட்டான்."

அவர் சுற்றிப் போனார். வெகுநேரம் வரவில்லை. திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது. "தலைவரே, நிஜமாவே ஆயிரம் வருஷமா?"

கென்பெய் பழக்கத்தில் தலையைச் சொறிந்தார். "அட, அப்படியொண்ணும் பெருசா..."

"இன்னொரு தடவை அந்த வார்த்தை வந்துச்சுன்னா," என்றேன், "உங்களை உள்ள வச்சுப் பூட்டிட்டுச் சாவியை ஏரியில போட்டுருவேன்."

ஊரே வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. கென்பெய் அவளைப் பார்த்தார். சிறுவயதில் அவர் அப்பா வீட்டு முறை வரும்போது அவளுக்குத் தினமும் பூ மாற்றியவர் அவர், எனக்குத் தெரியும். அவர் காதுகள் இரண்டும் சிவந்தன. யாரோ அடித்துச் சொல்ல வைப்பதுபோல் சொன்னார்:

"ஆயிரம் வருஷம். இந்த ஏரியைச் சுத்தி எங்க தேடினாலும்... இவளுக்கு இணை கிடையாது."

சொல்லிவிட்டு உடனே வெளியே போய்விட்டார். மழையில் நின்று சிகரெட் பற்றவைக்கப் பார்த்தார், பற்றவில்லை.

அன்று கன்னோன் போகவில்லை. ஆட்சேபணை இருக்கிறது என்று குவாபாத்தா திரும்பிப்போய்ச் சொன்னார். வசந்தம்வரை பார்க்கலாம், ஆள் வந்தால் கூரையைப் பற்றிப் பேசலாம் என்று மேலதிகாரிகள் சொல்லியனுப்பினார்கள். வரைபடத்தின் புதிய அச்சில் மேகம் இருந்த இடத்தில் கோயில் இருக்கிறது. பூனையைவிடச் சிறியதாகத்தான் போட்டிருக்கிறார்கள்.

கென்பெய் என்னோடு பேசுவதில்லை. தொமேயோ பேசுகிறாள், ஆனால் என் சத்தம் அவள் வீட்டுச் சமையலறைவரை கேட்டதாகச் சொல்கிறாள். கேட்கட்டும்.

பனி விழுந்தபின் ஃபோன் அடிக்கவே இல்லை. நான் வாளியைக் காலி செய்தேன், மறுபடி வைத்தேன். மார்ச்சில் பனி உருகத் தொடங்கிய ஒரு காலையில் அடித்தது. பெண் குரல். ஒசாகாவிலிருந்து. வரைபடத்தைப் பார்த்தேன் என்றாள். பிறகு இந்த நாட்டில் எல்லோரும் செய்வதுபோல இழுத்தாள்.

"இல்ல, நாங்க ரெண்டு பேர்தான். ரெண்டு பேருக்காகக் கதவைத் திறக்கச் சொல்றது... உங்களுக்குத் தொந்தரவா இருக்குமேன்னு, போன வருஷம் அந்தப் பக்கம் வந்தப்போ கதவுல இருந்த நம்பரைக் குறிச்சுக்கிட்டும் ஃபோன் பண்ணாம விட்டுட்டோம்."

இவர்கள் அந்தப் பக்கம் தொந்தரவு என்று ஃபோனை வைத்துவிட, நாங்கள் இந்தப் பக்கம் ஒன்றுமில்லை என்று கதவைச் சாத்திவிட, நடுவில் எங்கள் கன்னோன் ஒழுகும் கூரையின் கீழ் நின்றுகொண்டிருந்திருக்கிறாள். அத்தனை கோபமும் திரும்ப ஏறியது.

அதெல்லாம் தொந்தரவே இல்லை, ஆனால் பார்க்க ஒன்றும் பெரிதாக இல்லை என்றுதான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"ஆமா, தொந்தரவுதான்," என்றேன். "வயல்ல இருந்து கைகால் கழுவிட்டு ஓடி வரணும். அவ்வளவு பெரிய விஷயம் இங்க இருக்கு. எத்தனை மணிக்கு வர்றீங்க?"